ஃபாலி என்றால் முட்டாள்தனம் மட்டும்தானா?

இரவுத்தட்டச்சு கேட்டது:

வணக்கம். ஒரே ஒரு ஆங்கிலச் சொல் என் மானத்தை வாங்கிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன். சிரித்து முடித்துவிட்டுப் பதில் சொன்னாலும் சரி.

இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பழைய மாளிகையையும் அதன் தோட்டத்தையும் பார்க்க வருகிறவர்களுக்கான பன்னிரண்டு பக்கக் கையேடு. அதைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் ஒன்பது இடத்தில் 'ஃபாலி' என்ற சொல் வருகிறது. ஃபூல் முட்டாள் என்றால் ஃபாலி முட்டாள்தனம்தானே? அகராதியும் முதல் பொருளாக அதைத்தான் சொன்னது. இரண்டாவது பொருள் என்று ஒன்று கீழே இருந்தது, நான்தான் அதுவரை போகவில்லை. மணி இரவு ஒன்றரை. ஒன்பதையும் ஒரே சொடுக்கில் 'முட்டாள்தனம்' ஆக்கி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் திருத்துநர் மூன்று வாக்கியங்களை மட்டும் வெட்டி எடுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எனக்கே திருப்பி அனுப்பினார்:

"ஏரியின் அக்கரையில் பிரபுவின் முட்டாள்தனம் கம்பீரமாக நிற்கிறது."

"முட்டாள்தனத்தின் உச்சிக்கு ஏற 72 படிகள் உள்ளன."

"முட்டாள்தனம் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும்."

இப்போது தெரிகிறது, அது ஏதோ ஒரு வகைக் கட்டடம். மீதி ஆறில் நான்கும் அந்தக் கட்டடத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் இரண்டு இடம் அப்படியில்லை. ஓரிடத்தில் பிரபுவின் 'யூத்ஃபுல் ஃபாலீஸ்' என்று பன்மையில் வருகிறது. இன்னோரிடத்தில், கூரையைச் சரிசெய்யாமல் சுவரைப் பூசுவது 'ஷியர் ஃபாலி' என்று வருகிறது.

என் சந்தேகங்கள்: கட்டடத்துக்கு ஏன் இந்தப் பெயர்? தமிழில் அதை எப்படிச் சொல்வது? ஸ்டுபிடிட்டி, ஃபூலிஷ்னஸ் எல்லாம் இருக்கும்போது ஃபாலி எதற்கு? ஒருவரைப் பார்த்து 'யூ ஆர் எ ஃபாலி' என்று திட்டலாமா? (கடைசிக் கேள்வி திருத்துநரை மனதில் வைத்துக் கேட்டதல்ல.)


சிவப்புமை எழுதியது:

தம்பி, முதல் வாக்கியத்தை மட்டும் நான் அடிக்க மாட்டேன். "பிரபுவின் முட்டாள்தனம் கம்பீரமாக நிற்கிறது" என்பது அந்தப் பெயரை வைத்த ஊர்க்காரர்கள் மனதில் நினைத்தது அப்படியே. உங்களுக்குத் தெரியாமல் நல்ல வாக்கியம் எழுதிவிட்டீர்கள். கடைசி இரண்டும் மன்னிக்க முடியாதவை.

கட்டடத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் வருவார்கள். நான் சொல்லுக்கு மட்டும் வருகிறேன். முப்பது வருடம் பிறர் எழுதியதைத் திருத்தியே பிழைத்தவன், கொஞ்சம் நீட்டுவேன்.

லத்தீனில் ஃபோலிஸ் என்றால் தோற்பை. கொல்லன் உலையை ஊதும் துருத்திக்கும் அதே பெயர். பிற்கால லத்தீனில் அதை மனிதர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள்: உள்ளே காற்று தவிர ஒன்றுமில்லாத ஆசாமி. அங்கிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போய், 13-ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஃபூலும் ஃபாலியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இன்னொரு உறவும் உண்டு. மயிர்க்காலை மருத்துவத்தில் ஃபாலிக்கிள் என்கிறார்களே, அதற்கு 'சின்னப் பை' என்று பொருள், அதுவும் இதே ஃபோலிஸின் பேரன்தான். தலைக்கு மேலே முடி முளைக்கும் பையும், தலைக்குள்ளே ஒன்றும் முளைக்காத பையும் ஒரே குடும்பம்.

ஸ்டுபிட் வேறு குடும்பம். அதன் லத்தீன் வேருக்கு மரத்துப்போவது, திகைத்து நிற்பது என்று பொருள். அதனால் ஸ்டுபிடிட்டி என்றால் புத்தி ஓடாத நிலை. ஃபாலியில் புத்தி நன்றாகவே ஓடுகிறது, போகக்கூடாத பக்கம் ஓடுகிறது. படித்தவர், பணம் உள்ளவர், ஆலோசகர்கள் சூழ இருப்பவர், எல்லாம் தெரிந்தும் கேடு வரும் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு ஃபாலி என்று பெயர். ஃபூலிஷ்னஸ் இரண்டுக்கும் நடுவில் பொதுவாகக் கிடக்கிற சொல், குழந்தை செய்தாலும் அமைச்சர் செய்தாலும் பொருந்தும்.

இதற்கு நாம் அகராதி தேடவே வேண்டாம். திருக்குறளில் 84-ஆம் அதிகாரம் பேதைமை. முதல் குறளே இலக்கணம் சொல்லிவிடுகிறது:

பேதைமை என்பதொன்று யாதெனின் ஏதங்கொண்டு
ஊதியம் போக விடல்.

கெடுதலைக் கையில் வாங்கிக்கொண்டு லாபத்தைக் கைநழுவ விடுவது. 'அறிவு இல்லாமை' என்று அவர் சொல்லவில்லை பாருங்கள், ஒரு கொடுக்கல் வாங்கலைச் சொல்கிறார். அதே அதிகாரத்தில் "ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்" என்றும் வருகிறது. படித்து, புரிந்துகொண்டு, ஊருக்கும் உபதேசம் செய்துவிட்டு, தான் மட்டும் அதன்படி நடக்காதவனைவிடப் பெரிய பேதை கிடையாதாம். ஜி.யு.போப் 1886-ல் குறளை ஆங்கிலமாக்கியபோது இந்த அதிகாரத்துக்கு இட்ட தலைப்பு ஃபாலி. அவர் கையில் ஸ்டுபிடிட்டியும் இருந்தது, எடுக்கவில்லை. காரணம் புரிகிறதா?

அப்படியானால் பேதைமை என்றே போட்டுவிடலாமா என்றால், கையேட்டில் வேண்டாம். இன்றைய வாசகர் காதில் பேதை என்றால் பாவம், அப்பாவிப் பெண் என்றுதான் விழும். சொற்கள் இப்படி இடம் மாறும். குறளில் வெகுளி என்றால் கோபம், இன்று சூதுவாது தெரியாதவரை வெகுளி என்கிறோம். ஆங்கிலத்திலும் சில்லி என்ற சொல் ஒரு காலத்தில் 'அருள் பெற்ற' என்று பொருள்பட்டு, பிறகு அப்பாவி, பரிதாபத்துக்குரிய என்று இறங்கி, கடைசியில் இன்றைய அசட்டுத்தனத்துக்கு வந்து நின்றது.

பயன்பாட்டுக்கு வருவோம். ஃபாலி ஆளுக்குச் சொல்லும் சொல் அல்ல, செயலுக்கும் முடிவுக்கும் சொல்வது. ஆகவே 'யூ ஆர் எ ஃபாலி' கிடையாது, ஆள் ஃபூல், அவர் செய்தது ஃபாலி. 'இன்னது செய்வது ஃபாலி', 'இன்னது செய்ததன் ஃபாலி' என்ற அமைப்பில்தான் பெரும்பாலும் வரும். சண்டையில் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இது கோட்டு மாட்டிக்கொண்ட சொல். தலையங்கத்தில், சட்டமன்றப் பேச்சில், வரலாற்று நூலில் உலவும். அடுப்பில் பாலை வைத்து மறந்தவரை ஃபாலி என்று கண்டித்தால் அது நகைச்சுவை.

ஒரு எச்சரிக்கை. பழைய நூல்களில் இதே சொல் பாவம், காமக் குற்றம் என்ற கனத்த பொருளிலும் வரும். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், ஆதியாகமம் 34-ஆம் அதிகாரத்தில், ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை ஃபாலி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அங்கே 'அசட்டுத்தனம்' என்று போட்டால் அது மொழிபெயர்ப்பாளர் செய்த ஃபாலி ஆகிவிடும்.


கல்லும்சுண்ணாம்பும் எழுதியது:

கட்டடத்துக்கு நான் வந்துவிட்டேன். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலை என்னுடையது.

ஃபாலி என்றால், பார்ப்பதற்கு ஏதோ பெரிய காரியத்துக்குக் கட்டியது போல இருந்து, உண்மையில் எதற்கும் உதவாத அலங்காரக் கட்டடம். கோட்டை போலத் தெரியும், பின்னால் போனால் ஒற்றைச் சுவர்தான். இடிந்த தேவாலயம் போல இருக்கும், இடிந்தபடியே புதிதாகக் கட்டியிருப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பணக்காரர்களுக்கு இது ஒரு வியாதியாகவே இருந்தது. மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் தொலைவில் கண்ணுக்கு ஏதாவது தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஸ்காட்லாந்தில் டன்மோர் என்ற இடத்தில் ஒரு தோட்டத்து மண்டபத்தின் தலையில் பிரமாண்டமான கல் அன்னாசிப்பழம் உட்கார்ந்திருக்கிறது. கல்லில் இலைகளைச் செதுக்கியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால் 'முட்டாள்தனம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்குப் பிடித்தது சசெக்ஸில் இருக்கும் சுகர்லோஃப். ஜான் ஃபுல்லர் என்ற பணக்காரர், 'மேட் ஜாக்' என்றே பெயர். தன் வீட்டிலிருந்து டாலிங்டன் தேவாலயத்தின் கூம்பு தெரியும் என்று பந்தயம் கட்டினாராம். வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் தெரியவில்லை. உடனே வீட்டிலிருந்து தெரியும்படி ஒரு மேட்டில் அதே மாதிரி கூம்பு ஒன்றை எழுப்பிவிட்டார் என்று கதை. கதை எவ்வளவு நிஜமோ, ஏறத்தாழ 35 அடியில் கூம்பு மட்டும் தேவாலயம் இல்லாமல் வயலில் நிற்பது நிஜம்.

ஆனால் எல்லாம் பணத்திமிர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அயர்லாந்தில் கில்டேர் பகுதியில் கானலிஸ் ஃபாலி என்று ஒன்று, வளைவுகளின் மேல் வளைவுகள், அதன் மேல் ஊசித்தூண், சுமார் 140 அடி. 1740-ல் கடும் உறைபனியால் பஞ்சம் வந்தபோது, சுற்றுவட்டார மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கட்டும் என்று கேத்தரின் கானலி என்ற விதவைச் சீமாட்டி கட்டுவித்தது அது. ஸ்காட்லாந்தில் ஓபன் ஊரின் குன்றில் ரோமாபுரி அரங்கம் மாதிரி ஒரு வட்டச் சுவர் இருக்கிறது. மெக்கெய்க் என்ற வங்கியாளர் 1897-ல் தொடங்கினார். குளிர்காலத்தில் வேலையில்லாமல் இருந்த உள்ளூர்க் கல்தச்சர்களுக்கு வேலை கொடுப்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. 1902-ல் அவர் இறந்ததும் வேலை நின்றது. வெளிச்சுவர் மட்டும் மிஞ்சியது. ஊர் அதை மெக்கெய்க்கின் ஃபாலி என்கிறது. ஒரு குளிர்காலம் சம்பளம் வாங்கிய கல்தச்சரிடம் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார்.

பிரெஞ்சிலும் தோட்டத்து உல்லாச மாளிகைக்கு ஃபொலி என்றே பெயர். பாரிஸில் பாகத்தேல் மாளிகை அப்படிப்பட்டது. 1777-ல் மேரி அன்த்வானெத்தோடு அவருடைய கொழுந்தன் போட்ட பந்தயத்துக்காக இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் கட்டி முடித்தார்கள். பந்தயம் என்றால் இவர்களுக்குக் கல்லும் சுண்ணாம்பும்தான் நினைவுக்கு வரும் போல.

தமிழில் என்ன சொல்வது? எங்கள் வேலையில் இதற்கு வழக்குச் சொல் கிடையாது. நான் 'வீம்புக் கட்டடம்' என்று சொல்வேன்.


மறுவாசகன் எழுதியது:

சிவப்புமை ஐயா சொன்னதில் ஒரு மாறுபாடு. 'தெரிந்தே கேட்டைத் தேர்ந்தெடுப்பது' என்றீர்கள். ஆனால் ஆங்கிலத்தில் 'இன்னாருடைய ஃபாலி' என்று பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறதே, அதை வைக்கிறவர் எப்போதும் வேடிக்கை பார்க்கிறவர். அவருக்கு எதிர்காலம் தெரியாது.

1807-ல் ராபர்ட் ஃபுல்டன் ஹட்சன் ஆற்றில் நீராவிக் கப்பல் விட்டார். கரையில் நின்றவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'ஃபுல்டனின் ஃபாலி'. கப்பல் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி வரை போய்த் திரும்பியது.

1867-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் சூவர்ட், ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஏக்கருக்கு இரண்டு சென்ட் கணக்கு. 'சூவர்டின் ஃபாலி' என்ற பெயர் இன்றுவரை நிற்கிறது. பிற்பாடு தங்கமும், 1968-ல் புரூடோ விரிகுடாவில் எண்ணெயும் கிடைத்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், நாடே கைகொட்டிச் சிரித்தது என்பதும் மிகைதான். செனட்டில் ஒப்பந்தம் 37-க்கு 2 என்ற கணக்கில் நிறைவேறியது. கேலிப் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்து, கேலி செய்தவர்களைத்தான் இப்போது காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே ஃபாலி என்ற சொல்லைப் பார்த்தால் 'யார் சொல்கிறார்' என்று கேளுங்கள்.


சிவப்புமை எழுதியது:

நல்ல அடி. ஏற்றுக்கொள்கிறேன், பாதி. பட்டப்பெயராக வரும்போது நீங்கள் சொல்வது சரி. தீர்ப்பாக வரும்போது நான் சொன்னது நிற்கும். வரலாற்றாசிரியர் பார்பரா டக்மன் 1984-ல் அரசுகளின் ஃபாலியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். எதை ஃபாலி என்று எண்ணலாம் என்பதற்கு அவர் வைத்த நிபந்தனைகளில் முதலாவதே உங்கள் கவலைக்கான மருந்து: அது கேட்டில் முடியும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டும், பின்னால் வந்தவர் சொன்னால் செல்லாது. அடுத்து, செய்திருக்கக்கூடிய வேறு வழி ஒன்று அப்போதே கையில் இருந்திருக்க வேண்டும். மூன்றாவது, ஒரு தனி ஆளின் கிறுக்காக இல்லாமல் ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டு தொங்கிய கொள்கையாக இருக்க வேண்டும். ஊதியம் போக விடல் என்பதில் 'ஊதியம்' முன்னால் இருந்தால்தானே போக விட முடியும்?


இரவுத்தட்டச்சு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கட்டுமான வேலை செய்பவரே, 'வீம்புக் கட்டடம்' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கையேட்டை வெளியிடுகிறவர்களே அந்தப் பிரபுவின் வாரிசுகள். தாத்தாவை வீம்பர் என்றால் பணம் வருமா?

இன்னொரு கேள்வி, இதோடு நிறுத்திக்கொள்கிறேன். தோட்டத்து வாசலில் ஒரு கல்லில் ஆங்கில வரி பொறித்திருக்கிறதாம், கையேட்டில் வருகிறது. 'அறியாமையே ஆனந்தம்' என்று நாம் மேற்கோள் காட்டுவோமே, அதன் முழு வடிவம் போலிருக்கிறது. அதிலும் ஃபாலி இருக்கிறது! பத்தாவது இடம், படத்துக்குள் இருந்ததால் என் சொடுக்குக்குத் தப்பிவிட்டது.


சிவப்புமை எழுதியது:

அது தாமஸ் கிரே 1742-ல் எழுதிய கவிதையின் கடைசி வரி. 'எங்கே அறியாமை ஆனந்தமோ, அங்கே அறிவோடு இருப்பது ஃபாலி' என்பது அதன் சாரம். அந்த 'எங்கே' முக்கியம். விளையாடும் பள்ளிச் சிறுவர்களைப் பார்த்து, பின்னால் வரப்போகும் துன்பங்களை இவர்களுக்கு இப்போதே ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்து எழுதியது. 'எங்கே'யை வெட்டிவிட்டு, அறியாமையே ஆனந்தம் என்று உலகம் முழுக்கத் திருப்பிச் சொல்கிறார்கள். நீங்களும் வெட்டிவிடாதீர்கள். அங்கே ஃபாலிக்கு 'மடமை' பொருந்தும், பாட்டில் உட்காரும்.

மற்ற இரண்டுக்கு என் யோசனை. 'யூத்ஃபுல் ஃபாலீஸ்': நம்மிடம் அச்சாக ஒரு சொல் இருக்கிறதே, வயசுக் கோளாறு! வாரிசுகள் முகம் சுளிப்பார்கள் என்றால் 'இளவயது அசட்டுத்தனங்கள்' என்று போடுங்கள். ஃபாலிக்குப் பன்மை வந்தாலே கனம் குறைந்துவிடும், சூதாட்டம், கடன், காதல் என்று சில்லறையாகிவிடும். மேடையில் ஆட்டமும் பாட்டமுமாக நடக்கும் கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கு ஃபாலீஸ் என்று பெயர் வைத்ததும் இந்த லேசான பொருளில்தான். 'ஷியர் ஃபாலி' கூரை வாக்கியத்துக்கு 'சுத்தப் பைத்தியக்காரத்தனம்' என்று தாராளமாகச் சொல்லலாம். பிரெஞ்சில் ஃபொலி என்றால் இன்றும் பைத்தியம்தான், மூலத்துக்குத் துரோகம் ஆகாது.

கட்டடத்துக்கு மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள். அது எப்படி இருக்கும் என்று கையேட்டில் எழுதியிருக்குமே?


கல்லும்சுண்ணாம்பும் எழுதியது:

ஆமாம், அதைச் சொல்லுங்கள். கோபுரமா, மண்டபமா, பொய் இடிபாடா? ஃபாலி என்பது சாதிப் பெயர், அந்தக் கட்டடத்தின் உருவத்தைச் சொன்னால்தான் தமிழ்ப் பெயர் அமையும். 72 படி என்றால் ஓரளவு உயரம் இருக்கும்.


இரவுத்தட்டச்சு எழுதியது:

கோட்டையின் ஒரு மூலை மாதிரி. இரண்டு சுவர், நடுவில் ஒரு கோபுரம், அம்பு எய்கிற துளைகள் எல்லாம் உண்டு. பின்பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் புல்.

'பொய்க்கோட்டை' என்று வைத்தேன். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும், 'ஊரார் இதை ஃபாலி, அதாவது பிரபுவின் பைத்தியக்காரத்தனம் என்று செல்லமாக அழைத்தார்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன். மறுவாசகன் சொன்னது போல, சொன்னது ஊரார், நான் இல்லை. வயசுக் கோளாறைத் துணிந்து வைத்துவிட்டேன். சொடுக்கு எதுவும் செய்யாமல் பத்து இடத்தையும் கையாலேயே மாற்றி நேற்று மாலை அனுப்பினேன்.

இன்று காலை திருத்துநரிடமிருந்து பதில் வந்தது. வயசுக் கோளாறுக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டிருக்கிறார். ஏழாம் பக்கத்தில் சிவப்பு வட்டம் ஒன்று, கீழே ஒரே வரி: "பொய்கோட்டை காலை 10 மணிக்குத் திறக்கும் என்கிறீர்கள், நல்லது. 'க்' எங்கே போனது?"